பதினெட்டு மடங்கு

ஏப்ரல் கடைசி. மொன்டானாவில் வடகோடி.
குதிரை மசால் வயலில்
பனி விலகிய இடமெல்லாம் தரையணில்.
போன வாரம் ஒரு வளையில் கால் விட்டுப்
பழுப்புக் குதிரை நொண்டி நொண்டி வந்தது.
அதனால்தான் மெர்ல் டோபிச்சின் கடைக்குப் போனேன்,
உர மூட்டைக்கும் முள்கம்பிச் சுருளுக்கும் நடுவில்
கண்ணாடிப் பெட்டிக்குள்
கறுப்புக் கறுப்பாய்ப் படுத்திருக்கும் ஸ்கோப்புகளைப் பார்க்க.

"துப்பாக்கி?" என்றார்.
"பதினேழு. சின்னத் தோட்டா."
"தூரம்?"
"வேலி வரைக்கும். நூற்றைம்பது கெஜம்.
காற்றடித்தால் அதுவும் இல்லை."
எங்கள் ஊரில் காற்றடிக்காத நாளை
நாட்காட்டியில் வட்டம் போட்டு வைப்பார்கள்.

முதலில் நாலு மடங்கு, கூடாது குறையாது.
எழுந்து நிற்கும் அணில் அதில் ஒரு முளைக்குச்சி.
முளைக்குச்சியும் அதில் ஓர் அணில்.
போன வருடம் இரண்டு முளைக்குச்சிகளைச் சுட்டிருக்கிறேன்,
வெளியே சொல்வதில்லை.
அடுத்தது மலிவு: நடுவில் தெளிவு, ஓரமெல்லாம் கஞ்சி.
அதற்கடுத்தது மான் வேட்டைக்காரருடையது,
தடித்த குறுக்கு இழை,
தூரத்து அணிலை முழுசாய் மூடிவிடும்.
சுட வேண்டியதை மறைக்கிற குறி எனக்கெதற்கு?

மெர்ல் ஒன்றும் பேசாமல் ஏணியில் ஏறி
மேல் தட்டிலிருந்து ஒன்றை இறக்கினார்,
கைக்குழந்தையை வாங்குவது போல இரண்டு கையால்.
ஆறிலிருந்து பதினெட்டு.
பக்கத்தில் ஒரு திருகு:
தலை அசைந்தால் குறியும் நகர்கிற
அந்த இடமாறு தோற்றத்தை அடக்க.
"உன் துப்பாக்கியை விட விலை கூட" என்றார்,
மன்னிப்புக் கேட்கும் குரலில்.

பார்த்து வாங்குகிறவர்களுக்கென்றே
ஒரு மரக்கட்டை செய்து வைத்திருக்கிறார்,
குழலும் இல்லை, விசையும் இல்லை.
அதில் பூட்டி, வாசலில் மணல் மூட்டை மேல் வைத்துக்
கன்னத்தைப் பதித்தேன்.
தண்டவாளத்துக்கு அப்பால் தானியக் கோபுரம்.
அதன் தகரத்தில் துருப்பிடித்த ஓர் ஆணி.
பதினெட்டில் ஆணிக்குத் தலை இருந்தது,
தலையில் சுத்தியல் வழுக்கிய தழும்பு இருந்தது.

குறியை ஆணியில் வைத்தேன்.
துள்ளியது.
மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, மறுபடி.
துள்ளியது. துள்ளியது. துள்ளியது.

நின்றது.

பிறகு இரண்டைச் சேர்த்துத் துள்ளியது,
மந்தைக்குப் பிந்திய கன்று
ஓடி வந்து சேர்வது போல.

"ஆடுகிறது" என்றேன்.
மெர்ல் குனிந்து பார்த்தார்.
"நாடி. எல்லோருக்கும் ஆடும்.
காப்பி குடித்திருப்பாய்."
"விட்டு விட்டா ஆடும்?"
மறுபடி குனிந்தார்.
இந்தமுறை வெகுநேரம் எழவில்லை.
"எனக்கு ஒரே சீராகத்தான் இருக்கிறது."
அதன்பின் இருவரும் கொஞ்சநேரம்
தீவன வாளி விலையைப் பற்றிப் பேசினோம்.

நான் வாங்கியது மூன்றிலிருந்து ஒன்பது.
மெல்லிய இழை. இருநூறு டாலருக்குள்.
'ஆர்டிஸ் க்னுட்சன், ரொக்கம்' என்று எழுதிவிட்டு
மாட்டும் வளையங்கள் இரண்டையும்
சும்மாவே பைக்குள் போட்டார்.
இருபத்தாறு வருடத்தில் அவர் சும்மா கொடுத்து
நான் பார்த்ததில்லை.
அதில்தான் எனக்குப் பயம் வந்தது.

திங்கட்கிழமை எழுபது மைல் ஓட்டிப் போனேன்.
நர்ஸ் கெய்லீன் மார்பில் சில்லென்று ஒட்டிக்கொண்டே
"எதில் முதலில் கவனித்தீர்கள்?
மாடி ஏறும்போதா, படுத்திருக்கும்போதா?"
"ஓர் ஆணியில்" என்றேன்.
அவள் நிமிர்ந்து பார்த்து, எழுதிக்கொண்டாள்.
இயந்திரம் காகிதத்தை நீட்டியது.
மெல்லிய, துல்லியமான இழை.
மெர்லிடம் இருந்தால் நானூறு சொல்வார்.

ஒரு மாத்திரை, காலையும் மாலையும்.
காப்பி பாதி.
செவ்வாய் காற்று.
புதன், காற்றே இல்லை.
பதினொன்று.
முளைக்குச்சி எதற்கும் சேதமில்லை.